விசில் இல்லாத குக்கர்

தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போயிருந்தேன். ஹாலில் டர்ன்டேபிள், ஆம்ப், இடுப்பளவு ஸ்பீக்கர்கள் எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. ஓரமாக ஒரு ஸ்டூலின் மேல் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகச் சாக்கெட்டுகள். ஒரு சாக்கெட்டில் கிளம்பிய கேபிள் பக்கத்துச் சாக்கெட்டிலேயே போய் முடிந்தது. பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை, சின்னதாக ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. என்னவென்று பார்க்கக் கையை நீட்டினேன்.

“தொடாதே தம்பி, வெந்துக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஆகும்” என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. புதுக் கேபிளைப் பழக்குவதற்கென்றே விற்கும் இந்த வகைப் பெட்டிகளில் பேர்போன ஒன்றின் பெயரே ‘கேபிள் குக்கர்’தான். அமெரிக்காவின் ஆடியோதர்மா நிறுவனத் தயாரிப்பு. ஹேகர்மன் டெக்னாலஜி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் தன் சின்னப் பெட்டிக்கு ‘ஃப்ரைபேபி’ என்று பெயர் வைத்தது. அதில் கேபிள் வேகாது, வறுபடும். கேபிள் தயாரிப்பாளரான நார்டோஸ்ட் தன் கருவியை ‘வைடார்’ என்கிறது. பெரும்பாலும் டீலர்கள் அதைக் கடையில் வைத்துக்கொண்டு கேபிளைப் பதப்படுத்தித் தருகிறார்கள். ப்ளூ ஹொரைசன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘ப்ரோபர்ன்’ மற்றொன்று. சில பெட்டிகளின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். எல்லாம் சொல்வது ஒன்றுதான்: புதுக் கேபிள் முரட்டுத்தனமாக ஒலிக்கும், நூறு இருநூறு மணி நேரம் ஓடினால்தான் பதத்துக்கு வரும், அந்தக் காத்திருப்பை நாங்கள் சில நாட்களாகக் குறைத்துத் தருகிறோம்.

கேபிள் என்பதைத் தனிச் சரக்காக விற்கும் வழக்கமே அவ்வளவு பழையதில்லை. 1970களின் நடுப்பகுதி வரை ஸ்பீக்கருக்குப் போட்டது மேசை விளக்குக்குப் போடும் சாதாரண இரட்டை வயர். அந்தப் பத்தாண்டின் கடைசியில் மான்ஸ்டர் கேபிள் போன்ற நிறுவனங்கள் வந்து, தடித்த வயரைப் பெட்டியில் போட்டு நல்ல விலைக்கு விற்க முடியும் என்று காட்டின. வயருக்கே ‘குணம்’ உண்டு என்றான பிறகு, அந்தக் குணம் நாளடைவில் முதிரும் என்பது அடுத்த படி. ஷூவும் தோல் செருப்பும் புது பைக்கும் பழகப் பழகத்தான் சரியாகின்றன, கேபிள் மட்டும் எப்படி விதிவிலக்காகும் என்று தோன்றுவது இயல்புதான்.

பெட்டிக்குள் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. அலையை உருவாக்கும் ஓர் ஆசிலேட்டர். அது கீழ் அலைவரிசையில் இருந்து மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும், அல்லது பல அலைவரிசைகளும் கலந்த இரைச்சலைத் தரும். அதைப் பெரிதாக்க ஓர் ஆம்ப்ளிஃபயர். கேபிளின் மறுமுனையில் சக்தியை வாங்கிக்கொள்ள ரெசிஸ்டர்கள். அப்புறம் விதவிதமான சாக்கெட்டுகளும் அடாப்டர்களும். சர்க்யூட்டைவிடச் சாக்கெட்டுக்குத்தான் செலவு அதிகம் ஆகும் என்று நினைக்கிறேன். 1972ல் சந்தைக்கு வந்த, அலை உருவாக்கப் பயன்படும் 555 டைமர் சிப் ஒன்றையும் சின்ன ஆம்ப் போர்டு ஒன்றையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தால், பாலிடெக்னிக் மாணவர் ஒரு மதியத்தில் இதைச் செய்து முடித்துவிடுவார்.

சி.டி. பிளேயரில் இருந்து ஆம்புக்குப் போகும் கேபிளில் வழக்கமாக ஓடும் மின்னழுத்தம் அதிகபட்சம் 2 வோல்ட் அளவில்தான் இருக்கும். டர்ன்டேபிள் கேபிளில் சில மில்லிவோல்ட். குக்கர் பத்து வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். பாட்டை ஓடவிட்டுப் பல மாதம் ஆவது இதில் சில நாளில் முடியும் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். இந்தக் கூற்றில் ஒளிவுமறைவு இல்லை. அதிக வோல்ட், அதிக கரண்ட், ஓயாத அலை என்று சொன்னதைப் பெட்டி நிஜமாகவே செய்கிறது.

ஆனால் அந்த வடிவமைப்பில் ஒன்று இல்லாதது என் கண்ணை உறுத்தியது. பேட்டரி சார்ஜர் வேலை முடிந்ததும் சொல்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடானதும் விளக்கு அணைகிறது. நம் வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது. கேபிள் குக்கரில் நான் பார்த்த வரைக்கும் அப்படி எதுவும் கிடையாது. உள்ளே போகும்போது கேபிளின் ரெசிஸ்டன்ஸ் (கரண்ட்டைத் தடுக்கும் அளவு) இவ்வளவு, கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் அளவு) இவ்வளவு, இப்போது இவ்வளவு ஆகிவிட்டது, போதும் எடு என்று சொல்கிற மீட்டர் எங்கே? கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேபிளில் ஏதோ மாறுகிறது என்பதற்காகவே ஒரு கருவியை உருவாக்கியவர்கள், அந்த மாற்றத்தைக் காட்டும் முள் ஒன்றை அதில் வைக்கவில்லை. நாள் கணக்குதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, அளவுக்கு மீறி வேகவைத்தால் ஒலி கெட்டுவிடும், அப்போது கேபிளைச் சில நாள் சும்மா கிடக்கவிட வேண்டும் என்றும் இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். குழைந்துவிட்டது என்பதையும் காதுதான் சொல்ல வேண்டும்.

சரி, உள்ளே என்னதான் மாறுகிறதாம்? முதலில் சொல்லப்படுவது செம்பின் படிகம். கம்பியாக இழுக்கும்போது செம்பின் படிகங்கள் சிதைகின்றன, கரண்ட் ஓட ஓட அவை ஒழுங்காகின்றன என்பார்கள். முதல் பாதி உண்மை. இழுத்த செம்பு இறுகும், அதைச் சில நூறு டிகிரி சூட்டில் பதப்படுத்தினால் இளகும். எல்லா வயர் ஆலையிலும் இது அன்றாட வேலை. இதில் மின்கடத்தும் திறன் எவ்வளவு மாறும் என்பதும் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. 1913ல் உலக அளவில் ஒப்புக்கொண்ட தரப்படி, பதப்படுத்திய செம்பு 100 என்றால் இழுத்து இறுகிய செம்பு சுமார் 97. ஆக, மொத்த விளையாட்டே 3 சதவீதத்துக்குள்.

இதை நம் ஹாலுக்குக் கொண்டுவருவோம். 3 மீட்டர் நீளம், 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ள ஸ்பீக்கர் வயர். போய் வர 6 மீட்டர் செம்பு, ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.04 ஓம். அறை வெப்பத்திலேயே அந்தப் பெட்டி ஆலை உலையின் வேலையை முழுசாகச் செய்துவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், மாற்றம் 0.0012 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு டெசிபெல்லில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.4 சதவீதம் ஏறும். ஏசியைப் போட்டு அறை எட்டு டிகிரி குளிர்ந்தாலே குக்கரின் அதிகபட்ச சாதனையை அது மிஞ்சிவிடும். ஏசி போட்டதும் சொப்ரானோ பாடகியின் குரல் இனிமையானது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை.

எலக்ட்ரான்கள் வயருக்குள் பாய்ந்தோடிப் பாதை போடுகின்றன என்ற படமும் மனத்தில் இருக்கிறது, ஆற்று நீர் கல்லைத் தேய்ப்பது போல. கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 2 வோல்ட் சிக்னல், ஆம்பின் உள்ளீடு 47 கிலோ ஓம் என்றால் கேபிளில் ஓடும் கரண்ட் சுமார் 43 மைக்ரோ ஆம்பியர். நடுக்கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் என்று வைத்தால் எலக்ட்ரான்கள் ஒட்டுமொத்தமாக நகரும் வேகம் விநாடிக்கு 15 நானோமீட்டர். அதுவும் ஒரே திசையில் இல்லை, இசை என்பது போய்த் திரும்பும் அலை. 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு அவை முன்னும் பின்னும் அசையும் தூரம் ஒரு செம்பு அணுவின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. நின்ற இடத்தில் லேசாக நடுங்குகின்றன, அவ்வளவுதான். குக்கர் இந்த அசைவைக் கூட்டலாம். அப்போதும் அது போய்த் திரும்பும் அசைவுதான், பாய்ந்தோடுவது இல்லை.

இரண்டாவது வாதம் இன்சுலேஷனைப் பற்றியது. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதன் அடியில் இருப்பது நிஜமான இயற்பியல். மின்காப்புப் பொருள் மின்னேற்றத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாகக் கக்கும். பழைய பிக்சர் டியூப் டிவி ரிப்பேர் பார்த்தவர்களுக்கு இது கையில் பட்டுத் தெரிந்த விஷயம். டியூபுக்கு உயர் வோல்ட் ஏறும் இடமான ஆனோட் மூடியை ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை எர்த் செய்வார்கள், பளீரென்று பொறி தட்டும். முடிந்தது என்று கை வைத்தால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அடி கிடைக்கும். டியூபின் கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த மிச்சம் அது. அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டு மூன்று முறை எர்த் செய்வார்கள். அமெரிக்க அனலாக் பொறியாளர் பாப் பீஸ் 1982ல் மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்களான கெபாசிட்டர்களின் இந்தக் குணத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார். பாலிப்ரோப்பிலீன், டெஃப்லான் ஆகிய பிளாஸ்டிக் வகைக் கெபாசிட்டர்களில் இது 0.02 சதவீதம் அளவில், பாலியெஸ்டரில் அதைவிடப் பல மடங்கு, எலக்ட்ரோலிட்டிக்கில் பல சதவீதம் வரை போகும்.

ஆக, இன்சுலேஷன் சிக்னலைப் பிடித்து வைத்துவிட்டுத் தாமதமாக விடும் என்பது பொய் இல்லை. கேள்வி, குக்கர் அதை மாற்றுமா என்பதுதான். இந்த உறிஞ்சல் பொருளின் பிறவிக் குணம், பயிற்சி கொடுத்துத் திருத்துகிற கெட்ட பழக்கம் இல்லை. உறிஞ்சியதைக் கக்கிவிட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஏறி இறங்கும் அலையைக் கொடுக்கும்போது கூட்டிக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். நிலையாக எந்தப் பக்கமும் சாய்வு தங்காது. பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வருடக்கணக்காகத் தங்கவே முடியாதா என்றால், முடியும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962ல் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. பிறகு கோடிக்கணக்கான போன்களில் இருந்தது அந்த மைக்தான். ஆனால் அப்படிப் பதியவைக்க மெல்லிய படலத்துக்கு மிக வலுவான மின்புலம் வேண்டும், பெரும்பாலும் சூடும் வேண்டும். தடித்த பிளாஸ்டிக்குக்குக் குக்கர் காட்டும் பன்னிரண்டு வோல்ட் அதற்கு எந்த மூலைக்கு?

ஆடியோக்வெஸ்ட் நிறுவனம் இந்த யோசனையை வேறு வழியில் கொண்டுபோனது. கேபிளின் மேலேயே ஒரு பேட்டரியைக் கட்டி, இன்சுலேஷனுக்கு 72 வோல்ட் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். கேபிள் எந்நேரமும் பழகிய நிலையிலேயே இருக்குமாம். அந்தப் பேட்டரி வருடக்கணக்கில் தீராது. சுற்று எங்கும் மூடவில்லை, கரண்ட் ஓடவில்லை, தீர்வதற்கு என்ன இருக்கிறது?

கேபிளின் இன்சுலேஷன் சிக்னலைத் தின்கிறது என்ற கவலை டெலிகிராஃப் காலத்திலேயே உண்டு. கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பூசிய கடலடிக் கேபிள்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதை 1850களில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். வில்லியம் தாம்ஸன், பின்னாளில் கெல்வின் பிரபு, அதற்குக் கணக்கே எழுதினார். 1858ல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவில் முதல் அட்லாண்டிக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்தை அனுப்ப 16 மணி நேரம் பிடித்தது. அறுவை மருத்துவராக இருந்து மின்பொறுப்பாளர் ஆன வைல்ட்மன் வைட்ஹவுஸ், கேபிளுக்கு இன்னும் பலம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஏறக்குறைய 2000 வோல்ட்டை ஏற்றினார். ஏற்கெனவே இன்சுலேஷன் பலவீனமாக இருந்த கேபிள் சில வாரத்தில் செத்துப்போனது. வரலாற்றில் பதிவான முதல் கேபிள் குக்கர் என்று அந்த வோல்ட்டை உண்டாக்க அவர் வைத்திருந்த இண்டக்‌ஷன் காயில்களைத்தான் சொல்ல வேண்டும். அதே கேபிளின் முனையில் தாம்ஸன் உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடி கால்வனோமீட்டர், கரண்ட் வந்தால் சின்ன முகக்கண்ணாடி ஒன்று திரும்பும் அளவுக் கருவி. மிகச் சின்னக் கரண்ட்டுக்கும் ஒளிப்புள்ளி நகரும். கேபிளில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான்.

பழகப் பழக மாறும் பொருட்கள் ஆடியோவில் உண்டு. ஸ்பீக்கர் கூம்பைப் பிடித்திருக்கும் துணி வளையம் சில மணி நேர ஆட்டத்தில் தளர்ந்து, அதன் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அலைவரிசை, கொஞ்சம் கீழே இறங்கும், அளந்தாலே தெரியும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் மின்னழுத்தம் கிடைத்ததும் தன் ஆக்சைடு படலத்தைச் சரிசெய்துகொள்ளும். பழைய பாணி ஆம்புகளில் இருக்கும் கண்ணாடி வால்வும் முதல் சில மணி நேரங்களில் நிலைப்படும். இப்படி ஓட்டிப் பழக்குவதை ஆடியோவில் பர்ன்-இன் என்பார்கள். சிப் தயாரிப்பில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு: அமெரிக்க ராணுவத் தரப்படி 125 டிகிரி சூட்டில் 160 மணி நேரம் ஓட்டுவார்கள், சொத்தைகளை முன்கூட்டியே சாகடிக்க. பிழைத்தது விற்பனைக்குப் போகும். ஓட்டினால் மெருகேறும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கேபிள்களிலும் காலத்தால் வரும் மாற்றம் ஒன்று நிச்சயம் உண்டு. மட்டமான பிவிசி உறைக்குள் செம்பு பச்சை பூத்துப் பிசுபிசுக்கும். அதை மெருகு என்று சொல்ல மாட்டோம்.

டர்ன்டேபிள்காரர்கள் இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்கு கேபிளின் கெபாசிட்டன்ஸ் முக்கியமாயிற்றே? ஆமாம். 500 மில்லிஹென்றி காயிலும் 300 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸும் சேர்ந்தால் 13 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு. கேபிளை மாற்றி 100 பிக்கோஃபாரட் குறைத்தால் அது மேலே நகரும், காதுக்கும் தெரியலாம். அதைக் கேபிள் வாங்கும்போதே நீளம் பார்த்துத் தீர்மானிக்கலாம். வேகவைத்ததில் கெபாசிட்டன்ஸ் ஒரு சதவீதம் மாறியதாகவே வைத்துக்கொண்டாலும் அந்த 13 கிலோஹெர்ட்ஸ் நகர்வது 65 ஹெர்ட்ஸ்தான்.

அப்படியானால் ஒலி மாறியது என்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. எனக்கு அந்த ஸ்டூல்காரரைத் தெரியும், காசைக் கொட்டி வாங்கியதற்காகக் கதை விடுகிற ஆள் இல்லை. அவர் செய்ததைப் படிப்படியாகப் பாருங்கள். ஆறு மாதமாகச் சொருகியே கிடந்த கேபிளைப் பிடுங்கினார். மூன்று நாள் பெட்டியில் போட்டார். எடுத்து மறுபடி அழுத்திச் சொருகினார். பிளக்கிலும் சாக்கெட்டிலும் படிந்திருந்த மங்கல் அந்த உரசலில் போயிருக்கும். சரியாகப் பொருந்தாமல் இருந்த எர்த் வளையம் இப்போது நன்றாகப் பிடித்திருக்கும். ஹம் என்ற ரீங்கார இரைச்சல் குறைந்திருக்கும். ஒலி நிஜமாகவே மாறியிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு பிடுங்கலும் ஒரு சொருகலும் போதும், நடுவில் மூன்று நாள் தேவையில்லை. மூன்று நாள் கழித்து நாற்காலியில் உட்காரும்போது தலை முன்பிருந்த இடத்தில் இருந்து நாலு விரல் தள்ளி இருந்தாலும் மேல் ஸ்வரங்கள் மாறிக் கேட்கும்.

மிச்சத்தைக் காதும் மனசும் பார்த்துக்கொள்ளும். கேட்ட ஒலியின் நுணுக்கம் சில விநாடிக்கு மேல் அப்படியே நினைவில் நிற்பதில்லை. மூன்று நாளுக்கு முந்தைய ஒலியோடு இன்றைய ஒலியை ஒப்பிடுகிறோம் என்றால், ஒப்பிடுவது நினைவில் உள்ள ஒரு வர்ணனையோடுதான். ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே காட்டினார்: திரும்பத் திரும்பப் பார்த்த எதுவும் பிடிக்க ஆரம்பிக்கும். அர்த்தமே தெரியாத எழுத்துகளைக் காட்டினாலும் அப்படித்தான். இருநூறு மணி நேரத்தில் பழகியது கேபிளா, கேட்டவரா? பழகப் பழக ஒலி மோசமானது என்று சொல்பவர் அரிதாக இருப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். செம்பில் கண்மூடித்தனமாக ஏதோ மாறுகிறது என்றால், பாதிப் பேருக்காவது கெட்டுப் போயிருக்க வேண்டாமா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்சிங் செய்பவர் எவரிடம் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று வைத்திருப்பார். பாடகரின் குரலுக்கு ஒலியின் தொனியை மாற்றும் ஒரு ஈக்யூ குமிழை மெதுவாகத் திருப்புகிறார். இன்னும் கொஞ்சம், இதோ வந்துவிட்டது, இதுதான். பிறகு பார்த்தால் ஈக்யூவையே விலக்கிவைக்கும் பைபாஸ் பட்டன் அழுந்தியிருக்கும். குமிழ் எதையுமே தொடவில்லை. வருடக்கணக்கில் காதால் பிழைக்கிறவர்களுக்கே இது நடக்கும். நாம் பாட்டுக்குக் கொட்டிக்கொடுத்து வாங்கும் ரெக்கார்டுகள் அந்தக் கூடங்களில்தான் பிறந்தன, சுவருக்குள் போகும் நூற்றுக்கணக்கான மீட்டர் சாதாரண மைக் கேபிள் வழியாக. அதை யாரும் குக்கரில் ஏற்றவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள், மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் காயிலில் சுற்றிக் கிடக்கும் பல மீட்டர் செம்பையும் அவிழ்த்து வேகவைக்க வழியில்லை. கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் இவ்வளவு உபசாரம்.

சோதித்துப் பார்க்க லேப் வேண்டாம். ஒரே மாதிரிக் கேபிள் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்றை வேகவைக்கவும், மற்றதைப் பெட்டியிலேயே விடவும். வேகவைத்ததற்கு அடையாளமாக உங்கள் கண்ணில் படாத இடத்தில் ஒரு நூல் கட்டி, வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டிப் பார்த்து மாற்றிச் சொருகச் சொல்லுங்கள். அவர் முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது, ஒலி அளவும் மாறக் கூடாது. பத்து தடவை. ஆறு சரியாகச் சொன்னால் குதிக்க வேண்டாம், வெறும் அதிர்ஷ்டத்திலேயே நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர் அதையோ அதற்கு மேலோ எடுப்பார்கள். ஒன்பது எடுத்தால் நானே வந்து காபி வாங்கித் தருகிறேன். அது நூற்றில் ஒருவருக்குத்தான் அதிர்ஷ்டத்தால் வரும். காதை நம்பாதவர்கள் இரண்டு கேபிள் வழியாகவும் ஒரே பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, ஒன்றின் அலையை மேடு பள்ளமாகும்படி தலைகீழாக்கி இன்னொன்றோடு கூட்டலாம். ஒத்துப்போகிற எல்லாம் அழிந்து வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஒரே கேபிளில் இரண்டு முறை பதிவு செய்து அதன் மிச்சத்தையும் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சவுண்ட் கார்டின் நடுக்கத்தைக் கேபிளின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு கான்டாக்ட் கிளீனர் புட்டியும், எதிரொலி அடங்க ஸ்பீக்கருக்கு எதிரே தடித்த ஜமுக்காளமும் வாங்குவேன். மீதியில் ரெக்கார்டு வாங்குவேன். ஸ்டூல்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்று நாள் பாட்டில்லாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் ஊசியை இறக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கே அந்த விலை தகும் என்பார். அந்தச் சந்தோஷம் உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பெட்டியைப் போடாமல் மூன்று நாள் பாட்டை நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஸ்டைலஸ், அதாவது டர்ன்டேபிள் ஊசி, விற்கிறவர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லத் தயங்குவார். ஐந்நூறு என்றால் விலை விழும். வால்வும் அப்படியே. கேபிள் விற்கிறவர் மட்டும் தயங்குவதில்லை. ‘முந்நூறு மணி நேரம் ஓடியது, குக்கரிலும் போட்டாயிற்று’ என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார், விலையையும் அதற்கேற்பக் கூட்டிப் போடுகிறார். வாங்குகிறவர் அதற்கு ரசீது கேட்பதில்லை.